முதலில் கோழியை இறக்கு

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
11.06.2023

அன்புத் தம்பி சுதாகருக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் ப்ரியங்காவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நலம். பாம்பூஃப்ளாட்டில் அம்மா நலம். அந்த வீட்டில் இன்னொருவரும் நலம். யாரென்று முதல் பாராவிலேயே எழுதினால் தாளைக் கிழித்துவிடுவாய், அதனால் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன்.

போனில் பேச வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் "அப்பா" என்று வாயெடுத்தாலே நீ கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. ஹேவ்லாக் கப்பலில் வேலை பார்க்கும் தமிழ்வாணனிடம் இதைக் கொடுத்து, நீ பிரித்துப் படிக்கிற வரை படகுத்துறை ஜெட்டியை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாவம், அவனை வெயிலில் நிற்க வைக்காதே.

போன வாரம் பாம்பூஃப்ளாட்டில் ஒரு கல்யாணம். அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் பந்தியைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, "அரே முர்கிவாலா! கைசா ஹை?" என்று அப்பா முதுகில் தட்டினார். கோழிக்காரனாம்! நம் அப்பாவையாம்! நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். அப்புறம் ரசம் சோற்றை அப்படியே வைத்து, இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். பாயசம் வருமுன் அப்பா எழுந்ததை நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. "மொதல்ல கோழிய இறக்கு." நம் வீட்டில் இதைக் கேட்காத நாள் உண்டா? நான் கணக்கில் ஃபெயிலானபோது, குக்கர் வெடித்துச் சாம்பார் கூரையில் ஒட்டியபோது, அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது, எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. நாம் ஒரு நாளும் கோழி வளர்த்ததில்லை. டிம்பர் டிப்போ வாட்ச்மேனுக்குக் கோழியோடு என்ன வேலை? அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்துக் கேட்கப்போகிறேன்.

ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அந்த வார்த்தையால்தான் நீ மூன்றரை வருஷமாக வீட்டுப் படி ஏறவில்லை. தை மாதம் உன் புதுப் படகு தண்ணீரில் இறங்குகிறது என்று ப்ரியங்கா சொன்னாள். அப்பாவுக்கு அறுபத்தொன்பது வயது. அவர் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். நீ அவரைக் கூப்பிடுவாயா மாட்டாயா என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே கவலை.

ப்ரியங்காவைக் கேட்டதாகச் சொல். வெயிலில் தொப்பி போடு.

உன் அக்கா,
சங்கவி


ஹேவ்லாக்
29.06.2023

அக்காவுக்கு,

இங்கே சௌக்கியம். மழை பிடித்துவிட்டது. தமிழ்வாணனை ஜெட்டியில் நிற்க வைக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கோழி ஆராய்ச்சி உன் இஷ்டம். என்னை இழுக்காதே. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். புயலில் படகு பாறையில் மோதி விறகாகிவிட்டது. நாலு வருஷ உழைப்பு. ராத்திரி முழுக்க ஜெட்டியில் உட்கார்ந்திருந்து, முதல் கப்பலில் வந்து, பையோடு வீட்டு வாசலில் நிற்கிறேன். என் மாமனார் கிருஷ்ணமூர்த்தியும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். "எல்லாம் போச்சுப்பா" என்று சொல்கிறேன். பெற்றவர் பையனைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும்? "மொதல்ல கோழிய இறக்குடா" என்கிறார். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் அப்படியே திரும்பி அடுத்த கப்பலுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

படகு இறங்கும் அன்று நீயும் மாமாவும் அம்மாவும் வாருங்கள்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனதாகக் கேள்விப்பட்டேன். மாடிக்கு யார் தண்ணீர் தூக்குகிறார்கள்?

சுதாகர்


டெய்ரி ஃபார்ம்
16.07.2023

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் சளி, மற்றபடி குறையில்லை. மோட்டார் சரியாகிவிட்டது. சரியாகிற வரை யார் தண்ணீர் தூக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன், நீ கேட்கவும் மாட்டாய்.

கைத்தடிப் பெரியவரைப் பிடித்துவிட்டேன். பெயர் வெள்ளைச்சாமி. பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு மேலே வீடு. ஒரு காலத்தில் 'ஜலராணி' என்ற லாஞ்சில் இஞ்சின் பார்த்தவர். எதிர்க்கரை சாத்தத்துக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் இடையே ஆள் ஏற்றிப் போக ஒரு கான்ட்ராக்டர் விட்டிருந்த லாஞ்ச். அதில் நம் அப்பா லஸ்கராக இருந்தாராம் சுதாகர்! கயிறு கட்டுகிற வேலை. அடுத்த மாதம் சுக்கான் பிடிக்கிற வேலை தருவதாகப் பேச்சு. நம் அப்பா படகில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

1984 நவம்பரில் ஒரு சாயங்காலம், மிதந்து வந்த மரத்தில் லாஞ்ச் மோதி அடியில் ஓட்டை. நாற்பத்தாறு பேர். எப்படியோ பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் கொண்டுவந்து ஒரு கயிறு போட்டுவிட்டார்கள். மீதியை வெள்ளைச்சாமி சொன்னபடியே எழுதுகிறேன்:

"நான் கீழ முழங்கால் தண்ணியில நிக்கிறேன் பேட்டி, மகளே. பொம்பளைங்க அழுவுற சத்தம் கேக்குது. மேல உங்கப்பன் கத்துறான், மொதல்ல கோழிய இறக்கு, மொதல்ல கோழிய இறக்குன்னு! பதினாலு கூடை கோழி இருந்துச்சு. ஆளுங்கள விட்டுட்டு கோழிய எறக்குறான். அது போகட்டும். எறக்கின கோழிய திருப்பி ஏத்தினானாம்! கான்ட்ராக்டரோட மேனேஜர் ஜெட்டியில நின்னு கண்ணால பாத்திருக்காரு. ஆத்மி அச்சா ஹை உங்கப்பன், நல்ல மனுஷன்தான், அன்னைக்கு திமாக் கராப் ஆயிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் அந்தமான்ல எந்த படகுக்காரனும் அவனுக்கு வேலை குடுக்கல."

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நேராக நம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க" என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

உனக்கு இதை எழுதாமல் மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். தோண்டுவேன் என்று சவால் விட்டவள் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

சங்கவி


ஹேவ்லாக்
20.07.2023

அக்காவுக்கு,

சளிக்குக் கஷாயம் குடி. நாங்கள் நலம்.

பார்த்தாயா? நாற்பத்தாறு பேர் சாகக் கிடக்கும்போது கோழியைப் பார்த்தவர், பெற்ற பையனை மட்டும் பார்த்துவிடுவாரா? தைக்கு அவரைக் கூப்பிடும் பேச்சை இத்தோடு விடு.

சுதாகர்


டெய்ரி ஃபார்ம்
06.08.2023

மதிப்பிற்குரிய நாகரத்தினம் டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவள். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயமணி பாம்பூஃப்ளாட் பள்ளியில் உங்களிடம் படித்தவராம். பரமக்குடியில் இருக்கும் உங்கள் விலாசத்தை அவர்தான் கொடுத்தார். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்காது, கடிதம் என்றால் ஒரு எழுத்து விடாமல் படிப்பீர்கள் என்றும் சொன்னார்.

1984இல் 'ஜலராணி' லாஞ்சில் விபத்து நடந்த அன்று நீங்களும் அதில் வந்தீர்கள் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த லாஞ்சில் லஸ்கராக இருந்த துரைசாமியின் மகள் நான். அப்பா ஆட்களை விட்டுவிட்டு முதலில் கோழிகளை இறக்கினார் என்றும், இறக்கியதைத் திருப்பி ஏற்றினார் என்றும் சொல்கிறார்கள். இது உண்மைதானா? உண்மை என்றால் உண்மை என்றே எழுதுங்கள். எனக்காக மறைக்க வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இனி அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

பதில் எழுதச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்.

தங்கள் பணிவுள்ள,
து. சங்கவி


பரமக்குடி
02.09.2023

அன்பு மகள் சங்கவிக்கு,

ஆசிகள். எனக்குக் காது போனதைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது. உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். உண்மைதான். அவர் முதலில் கோழியைத்தான் இறக்கினார். திருப்பி ஏற்றியதும் உண்மை. இனி நான் சொல்வதை நிதானமாகப் படி.

லாஞ்சில் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. கோழிக் கூடைகள் கடல் பக்கம் அடுக்கியிருந்தன. ஹேவ்லாக்கிலிருந்து கோழி விற்க வந்த ஹரிபதா என்ற வங்காளிக்காரருடையவை. ஜெட்டியை ஒட்டியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து ஜெட்டிப் பக்கம் பாய்ந்தோம். நானும்தான். லாஞ்ச் அந்தப் பக்கம் சாய்ந்தது பார், என் செருப்பு வழுக்கி அடுத்தவர் மடியில் விழுந்தேன். இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் கவிழ்ந்து எல்லோரும் அடியில் போயிருப்போம். "உக்காருங்க" என்று சுக்கான்காரர் கத்தினார். உயிர் பயத்தில் யார் உட்காருவார்கள்?

அப்போதுதான் உன் அப்பா தடுப்பின் மேல் ஏறி நின்று, மார்க்கெட்டில் கூவுகிற மாதிரி கூவினார்: "மொதல்ல கோழிய இறக்கு!"

எல்லோரும் ஒரு நிமிஷம் திகைத்துப் போனோம். இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று பார்த்தோம். அதற்குள் என் கையில் ஒரு கூடையைத் திணித்துவிட்டார். "டீச்சர், உக்காந்து பக்கத்துல குடுங்க. நின்னா கோழி மிரளும்." கோழி மிரளும் என்று நான் உட்கார்ந்தேன்! பக்கத்து அம்மாளும் உட்கார்ந்தாள். கை மாற்றிக் கை மாற்றிக் கூடை போயிற்று. ஜெட்டி ஓரத்தில் இருப்பவர் கூடையோடு கரையில் கால் வைப்பார். அவர் இடத்துக்கு அடுத்தவர் உட்கார்ந்தபடியே நகர்வார். ஒரு கூடைக்கு ஒரு ஆள். யாரும் ஓடவில்லை, கை காலியாக இருந்தால்தானே ஓடுவதற்கு!

எனக்கு வந்த கூடைகளில் ஒன்றின் மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே சிவப்புத் துணி மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கரையில் இறங்கியவர்களிடமிருந்து கூடையை வாங்கி, உன் அப்பா வெளிப்பக்கமாகவே கொண்டுபோய் மறுபடி கடைசி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினாலு கூடை, நாற்பத்தாறு பேர். கூடை தீர்ந்துவிட்டால் மறுபடி பாய்ந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் இறக்கிக்கொண்டிருந்தது எங்களை.

நாற்பத்தாறு பேரும் இறங்கினோம். உன் அப்பா இறங்கிக் கயிற்றை அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் லாஞ்ச் மூழ்கி அடியில் உட்கார்ந்துவிட்டது.

மேனேஜர் கரையில் நின்று கண்டபடி திட்டினதை நானும் பார்த்தேன். அந்த வாரமே எனக்குத் தெற்கே கேம்ப்பெல் பே ஊருக்கு மாற்றல். போகுமுன் நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதி அந்தக் கான்ட்ராக்டருக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனாலும் படித்திருப்பார், புரிந்திருப்பார் என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

துரைசாமி பிறகு பெரிய கப்பலில் சுக்கான் பிடித்து ரிட்டையர் ஆகியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்தக் கப்பல் என்று எழுது.

அன்புடன்,
நாகரத்தினம்


டெய்ரி ஃபார்ம்
15.09.2023

சுதாகர்,

நலம் விசாரிக்கவெல்லாம் இன்று எனக்குப் பொறுமை இல்லை. டீச்சர் கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. அதை முதலில் படி. படித்துவிட்டு இதைப் படி.

படித்தாயா? நான் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு ஓவென்று அழுதேன். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சுனாமி அன்று காலை ஞாபகம் இருக்கிறதா? தரை ஆடி முடிந்ததும் அப்பா இந்தக் கோழி வார்த்தையையே கத்தினார். கத்திவிட்டு என் கையில் ரேடியோவைக் கொடுத்தார். உன்னிடம் டிபன் கேரியர். அம்மாவிடம் ஊறுகாய் ஜாடி. அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் ஒரு முறம்! "கீழ போடாம மேட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். ஊறுகாய் ஜாடி உடையக் கூடாது என்ற கவலையில் அம்மா ஓடாமல், விழாமல் மேடு ஏறினாள். ஊரே அதைச் சொல்லி எத்தனை நாள் சிரித்தது! நாமும் சேர்ந்து சிரித்தோமே.

அவர் நம்மைக் கேலி பண்ணவில்லைடா. நாற்பத்தாறு உயிரைக் கரை சேர்த்த வார்த்தை அது. அவரிடம் இருந்த ஒரே நல்ல வார்த்தை. நம் வீட்டில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்காக வேலையையும் இழந்து, பட்டப்பெயரையும் வாங்கிக்கொண்டு, முப்பது வருஷம் டிப்போ வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

தைக்கு அவரைக் கூப்பிடுவாயா? இந்தத் தடவை ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அக்கா


டெய்ரி ஃபார்ம்
30.10.2023

தம்பிக்கு,

ஒன்றரை மாதமாக ஒரு வரி இல்லை. தமிழ்வாணன், கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தேன் என்று சத்தியம் பண்ணுகிறான். ப்ரியங்காவைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு அண்ணி, தினமும் எங்கயோ போறாரு, கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு" என்கிறாள்.

கூப்பிட முடியாது என்றால் அதையாவது எழுதிவிடு. அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. தினமும் ரேடியோவில் ஹேவ்லாக் பக்கம் காற்று எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறார். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சங்கவி


ஹேவ்லாக்
26.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமா? அம்மா, அப்பா நலமா?

எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். டீச்சர் கடிதத்தைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒருத்தரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கோழிக்கார ஹரிபதாவைத் தேடினேன். இந்தத் தீவில் ஹரிபதாக்கள் ஏழு பேர் அக்கா! வேலை முடிந்து தினமும் ஒரு வீடாகப் போனேன். ஏழாவது ஆள் யார் தெரியுமா? நான் ஐந்து வருஷமாக வாழைக்காய் வாங்குகிற தாத்தா.

லாஞ்ச் பேரைச் சொன்னதும் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். "தும் துரைசாமி கா பேட்டா ஹை?" துரைசாமி மகனா நீ என்று கேட்டு என் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏக் பீ ஆத்மி நஹீ மரா! ஏக் பீ முர்கி நஹீ மரா!" ஆளும் சாகவில்லை, கோழியும் சாகவில்லை என்று மார்க்கெட்டுக்கே கேட்கும்படி கத்தினார். வேறு யார் யார் லாஞ்சில் வந்தார்கள் என்று கேட்டேன். அவரும் நானுமாகத் தேடினதில் இதுவரை பதினோரு பேர் கிடைத்திருக்கிறார்கள். மாயாபந்தரில் இரண்டு பேர், ரங்கத்தில் ஒருவர். மீதி எல்லோரும் போர்ட் பிளேர் பக்கம்தான். ஒருவருக்கும் அப்பா வேலை போனது தெரியாது.

இன்னொன்று. இதை நான் உன்னிடமும் சொல்லவில்லை, ப்ரியங்காவிடமும் சொல்லவில்லை. அன்று வாசலில் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது என் பையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன் அக்கா. பலமாக. வீட்டுக்கு வராததற்கு நிஜக் காரணம் அந்த வெட்கம்தான். மாமனார் சிரித்ததைச் சாக்காக வைத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அவரைக் கூப்பிடுவாயா என்று கேட்டாய். கூப்பிட மாட்டேன். ஜனவரி 28 ஞாயிற்றுக்கிழமை நானே படகை எடுத்துக்கொண்டு பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு வருகிறேன். அவரை அழைத்துப் போக வருகிறேன். பர்மிஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு பேரும் காலை ஒன்பது மணிக்கு ஜெட்டியில் இருப்பார்கள். வெள்ளைச்சாமியையும் கட்டாயம் கூட்டி வா, அவர் காதால் கேட்க வேண்டும். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

அம்மாவுக்குத் தோள்வலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
சுதாகர்


பரமக்குடி
22.12.2023

அன்பு மகள் சங்கவிக்கு,

உன் இரண்டாம் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு நலம், மனசுதான் கொதிக்கிறது. வாட்ச்மேனா? நாற்பது வருஷம் அந்த மனிதர் சுக்கானையே தொடவில்லையா? என் நாலு பக்கக் கடிதத்தை அந்தக் கான்ட்ராக்டர் என்ன செய்தார், பொட்டலம் கட்டினாரா? ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்த என்னைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

சென்னையிலிருந்து ஜனவரியில் கிளம்பும் கப்பலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. என் மகன் விமானத்தில் போ என்கிறான். கடல் வழியாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பக்கத்தில் எழுதியதை இந்தத் தடவை ஜெட்டியில் நின்று வாயால் சொல்கிறேன். எனக்குத்தான் காது கேட்காது, ஊருக்குக் கேட்குமே!

குளிருக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாமே?

நாகரத்தினம்


பாம்பூஃப்ளாட்
05.02.2024

சிரஞ்சீவி சுதாகருக்கு,

அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கும் மருமகள் சுகத்துக்கும் எழுதவும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. டிப்போவில் வண்டி நம்பர் எழுதினதோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா, பாட்டரி வாங்க வேண்டும் என்று சொல்லி என்னை ஜெட்டிக்குக் கூட்டி வந்தாள். அங்கே இத்தனை பேர் நிற்கிறார்களே, யாராவது மந்திரி வருகிறாரோ என்று நினைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கைகூப்பினதும் அடையாளம் தெரிந்து நானும் கைகூப்பினேன். அந்த அம்மாள் சத்தம் போட்டுச் சொன்னதை ஜெட்டி முழுக்கக் கேட்டது. வெள்ளைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப் கரோ, மன்னிச்சுடு துரைசாமி, நாப்பது வருஷமா முர்கிவாலான்னு கூப்பிட்டுட்டேன்" என்று அழுதான். நீயும் எனக்கு இஞ்சின் ரூமில் முழங்கால் தண்ணீரில் நின்றவன்தானேடா என்றேன். ஹரிபதா ஒரு சேவலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் அம்மா அதை அடிக்க விட மாட்டேன் என்கிறாள். காலையில் நாலு மணிக்கே கூவுகிறது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார்கள். எல்லோரும் பெருமைக்காக மௌனமாக இருந்தேன் என்று நினைக்கிறார்கள். நிஜம் என்னவென்றால் எனக்கே அன்றைக்கு நடுக்கம். என்ன சொல்வதென்று தெரியவில்லை, கண்ணில் பட்டது கோழி, கோழி என்று கத்தினேன். தப்பித்துவிட்டோம். இதைப் போய்ச் சாமர்த்தியம் என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? வேலை போனதும் மனசு விட்டுப்போச்சு. உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால், படகிலிருந்து துரத்தப்பட்டவன் மக்கள் என்று நீங்கள் தலைகுனிவீர்கள் என்று பயம். சொல்லியிருந்தால் உனக்கு இந்த நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும். அந்தத் தப்பு என்னுடையது.

கையைத் தட்டிவிட்டதைப் பற்றி நீ படகில் அழுதுகொண்டே சொன்னாய். எனக்கு அது வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வலித்தது. ஆனால் இருபது பேர் முன்னால் சுக்கானை விட்டு விலகி நின்று, "அப்பா, நீங்க பிடிங்க" என்றாயே, அதற்கு அப்புறம் அந்த வலி எங்கே போனதென்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. துறைமுகத்துக்குள் கால் மணி நேரம் ஓட்டினேன். கை நடுங்கவில்லை. நீ பார்த்திருப்பாய். அலை வந்தபோது நீ பிடிக்க வந்தாய், அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். அதையும் நான் பார்த்தேன்.

உன் படகு நல்ல படகு. இடது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது, சரி பண்ணு. மாசிப் பௌர்ணமிக்கு நானும் அம்மாவும் ஹேவ்லாக் வந்து பத்து நாள் இருப்போம். உன் மாமனாரையும் வரச் சொல். நானே அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலை போன நாளிலிருந்து சாத்தம் போக வர ஃபெர்ரியில் நான் சுக்கானுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நேற்று மாத்திரை வாங்கப் போனபோது நேராக முன்பக்கம் போய், சுக்கான் பிடிப்பவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். "அங்கிள், இதர் நஹீ, அந்தர் பைட்டோ" என்று உள்ளே போய் உட்காரச் சொன்னார்.

"ஹம் பீ போட் சலாத்தா ஹை" என்றேன். நானும் படகு ஓட்டுகிறவன்தான் என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார். கரை வருகிற வரை நின்றுகொண்டே வந்தேன்.

அன்புடன் அப்பா,
துரைசாமி